கிரான்புரூக்கின் ‘ஐக்கிய ஆலை’
ஒரு நெசவு மன்றத்தாரின் காற்றாலைச் சுற்றுலா

கடனில் மூழ்கிய ஒருவனிடம் தொழிற்கருவி ஒன்று இருக்கிறது. அது தறியாகலாம், செக்காகலாம், மாவரைக்கும் ஆலையாகவும் இருக்கலாம். கடன் கொடுத்தவர்களோ பலர். அக்கருவியைப் பிரித்து விற்று, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொண்டு கலைந்துபோவது ஒரு வழி. அதனை ஓடவிட்டு, அதன் வருவாயினின்றும் தம் பணத்தைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்வது மற்றொரு வழி. முதல் வழி எளிது. ஒரு நாளில் முடிந்துவிடும். இரண்டாவது வழிக்குப் பொறுமை வேண்டும், கணக்கு வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக ஒருவரையொருவர் நம்பும் மனம் வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் இந்த இரண்டாவது வழியில் சென்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஓடவிட்ட காற்றாலை இன்றும் நிற்கிறது. அதன் பெயர் ‘யூனியன் மில்’. நம் மொழியில் ‘ஐக்கிய ஆலை’ எனலாம்.

நம் நாட்டில் கூட்டுறவு இயக்கம் தோன்றிய காலத்தில் நம் பெரியோர் அதற்கு வழங்கிய பெயரும் ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்பதே. ஆதலின், இங்கிலாந்தில் சில காலம் தங்கியிருந்தபோது, கைநெசவில் ஆர்வமுள்ள ஒரு சிறு மன்றத்தார் ‘ஐக்கிய ஆலை’யைக் காணச் செல்கிறோம், உடன் வருகிறீரா என்று கேட்டதும், மறுசொல் கூறாது இசைந்தேன். அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் நம் சங்க உறுப்பினர்களுக்குச் சொல்லுவது பயனுடைத்து எனக் கருதியே இதனை எழுதலானேன்.

ஊரும் அதன் பழைய நெசவும்

லண்டனுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், கென்ட் மாவட்டத்தில், ‘வீல்ட்’ எனப்படும் பழங்காட்டுப் பகுதியில் அமைந்துள்ளது கிரான்புரூக் என்னும் ஊர். அதற்கு இப்போது இரயில் இல்லை. அவ்வழியே சென்ற கிளைப்பாதை 1961இல் மூடப்பட்டது. ஆகவே ஸ்டேபிள்ஹர்ஸ்ட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் சென்றோம். வழியெல்லாம் பழத்தோட்டங்களும் புல்வெளிகளும் மாறிமாறி வந்தன. பீர் காய்ச்சுவதற்குரிய ‘ஹாப்’ என்னும் கொடிப்பயிருக்குப் பேர்பெற்ற பகுதி இது. அப்பூக்களை உலர்த்துவதற்காக ஒரு காலத்தில் கட்டப்பட்ட, கூம்பிய கூரையுடைய சூளைவீடுகள் ஆங்காங்கே தலைகாட்டின.

நெசவாளர் மன்றத்தார் இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காற்றாலை மட்டும் காரணமன்று. கிரான்புரூக் ஒரு காலத்தில் நெசவுக்குப் பெயர்போன ஊர். 14ஆம் நூற்றாண்டு வரையில் இங்கிலாந்து பெரும்பாலும் கம்பளி மயிரைப் பச்சையாகவே கடல் கடந்து விற்றுவந்தது. பிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளர்கள் அதனை வாங்கி, நெய்து, இலாபம் ஈட்டினர். இந்நிலையை மாற்ற எண்ணிய மூன்றாம் எட்வர்ட் மன்னர், அந்நாட்டு நெசவாளர்களைத் தம் நாட்டில் குடியேற அழைத்தார். ஜான் கெம்ப் என்னும் பிளாண்டர்ஸ் நெசவாளருக்கும் அவருடைய பணியாட்கள், பயிற்சியாளர்கள் ஆகியோருக்கும் அரச பாதுகாப்பு வழங்கும் ஓலை 1331இல் பிறந்தது. அவ்வாறு வந்த கைவினையறிவு வீல்ட் பகுதியிலும் வேரூன்றியது. துணியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் ஆலைகளை ஓட்டச் சிற்றோடைகள் இருந்தன. மயிரின் எண்ணெய்ப்பசை போக்கும் களிமண் அம்மாவட்டத்திலேயே கிடைத்தது. சாயக் கொப்பரைகளுக்கு விறகு காட்டிலே குறைவின்றி இருந்தது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கிரான்புரூக்கின் அகலத்துணி நாடெங்கும் விலைபோயிற்று. எலிசபெத் அரசியார் 1573இல் இவ்வூருக்கு எழுந்தருளினார். அவர் நடந்த வழியெல்லாம் ஊர்த் துணியையே விரித்தார்கள் என்று இன்றும் ஊரார் சொல்லி மகிழ்கின்றனர். ‘வீல்ட் நாட்டுப் பேராலயம்’ எனச் சிறப்பிக்கப்படும் புனித டன்ஸ்டன் ஆலயம் துணி வணிகர்தம் செல்வத்தால் பெருகியது.

அகலத்துணி நெய்யும் முறை நம் நெசவாளர்க்குச் சுவையுடையதாகும். தறி இரண்டு கெஜத்திற்கு மேல் அகலம். ஒருவருடைய கை அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே தறியில் இருவர் அமர்ந்து, ஒருவர் எறியும் நாடாவை மற்றவர் பிடித்துத் திருப்பி எறிவர். இருவர் கையும் ஓர் ஒழுங்கில் இயங்காவிட்டால் ஊடை தளரும்; துணி கெடும். 1733இல் ஜான் கே என்பவர் விசைநாடாவைக் கண்டுபிடித்த பின்னரே ஒருவர் தனித்து அகலத்துணி நெய்ய வழி ஏற்பட்டது. அதற்கு முன்பே கிரான்புரூக்கின் தொழில் தேய்ந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் அயலூர்ப் போட்டியும் வாணிபக் கட்டுப்பாடுகளும் அதனைத் தளர்த்தின. தறிகள் ஓய்ந்த பின் ஊர் உழவையே நம்பி வாழ்ந்தது. உழவு விளைத்த கோதுமையை அரைப்பதற்கே பின்னர் அக்காற்றாலை எழுந்தது.

ஐக்கியம் என்னும் பெயர் வந்த வகை

ஊரின் மேட்டுத்தெருவில் திரும்பியதும் ஆலை கண்ணிற் பட்டது. வீடுகளின் கூரைகளுக்கு மேலே, கோயில் கோபுரம்போல், வெண்ணிறமாக உயர்ந்து நிற்கிறது. தரையினின்றும் உச்சித் தொப்பி வரை 72 அடி, அதாவது ஏறத்தாழ 22 மீட்டர். கீழே மூன்று தளங்கள் செங்கல்லால் ஆனவை. அதன்மேல் நான்கு தளங்கள் மரத்தால் ஆனவை. மரப்பகுதி எண்கோணமாக, மேலே செல்லச் செல்லக் குறுகும். பண்டைக்கால ஆங்கில உழவர் அணிந்த நீண்ட அங்கியின் தோற்றம் இருப்பதால் இவ்வகை ஆலைக்கு அந்த அங்கியின் பெயரையே இட்டனர். பிரிட்டனில் இன்று நிற்கும் இவ்வகை ஆலைகளுள் இதுவே மிக உயரமானது. இத்தனை உயரம் வீண் ஆடம்பரமன்று. ஊருக்கு நடுவே இருப்பதால், வீடுகள் தடுக்காத காற்றைப் பிடிக்க அவ்வளவு உயரம் வேண்டியிருந்தது.

இதனை 1814இல் ஹென்றி டோபல் என்பவருக்காகக் கட்டித் தந்தவர் அவ்வூர் ஆலைத்தச்சர் ஜேம்ஸ் ஹம்ஃப்ரி. அப்போது நெப்போலியனுடன் நிகழ்ந்த நீண்ட போர் முடிவை நெருங்கியிருந்தது. போர்க்காலத்தில் தானிய விலை உச்சத்தில் இருந்தது. ஆலை கட்ட அது நல்ல வேளையாகத் தோன்றியிருக்கும். 1815இல் போர் ஓய்ந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் விலைகள் விழுந்து, உழவரும் வணிகரும் பரவலாக நொடித்தனர். ஆலை எழுந்த ஐந்தாம் ஆண்டில், 1819இல், டோபல் கடனடைக்க இயலாதவர் என அறிவிக்கப்பட்டார்.

அந்நிலையில்தான் கடன் கொடுத்தவர்கள் ஒன்றுகூடி ஆலையைத் தம் பொறுப்பில் ஏற்று நடத்தினர். ஓராண்டு ஈராண்டு அன்று. 1832 வரையில், 13 ஆண்டுகள். அவர்களுடைய ‘யூனியன்’ நடத்திய ஆலை என்பதால் ‘யூனியன் மில்’ என்னும் பெயர் நிலைத்தது. 1832இல் ரஸ்ஸல் சகோதரர்கள் அதனை வாங்கினர். அக்குடும்பத்தாரிடம் அது நூறாண்டுக்கும் மேலாக இருந்தது.

உள்ளே கண்டவை

ஆலையைப் பார்வையாளர்க்குக் காட்டுபவர்கள் ஊதியம் பெறாத ஊர்த்தொண்டர்கள். எங்களுடன் வந்த தொண்டர் முதியவர். ஏணிபோன்ற செங்குத்தான படிகளில் எங்களுக்கு முன்னே தளராது ஏறினார். மேலேயிருந்து கீழே இறங்கிவந்தால்தான் ஆலை விளங்கும் என்பது அவர் கொள்கை. தானியத்தின் பயணமும் அவ்வாறே. மூட்டைகளை ஆலையின் விசையாலேயே சங்கிலியிட்டு மேல்தளத்திற்கு ஏற்றிவிடுவர். அதன்பின் தானியம் தன் பாரத்தாலேயே ஒவ்வொரு தளமாக இறங்கி, அடித்தளத்தில் மாவாக வந்து சேரும்.

உச்சியிலுள்ள மரத்தொப்பி காற்றின் திசைக்கு ஏற்பச் சுழலும். அதன் முன்புறம் நான்கு பெரிய இறக்கைகள். கென்ட் நாட்டார் பேச்சில் அவற்றிற்கு ‘ஸ்வீப்’ என்று பெயர். பின்புறம் சிறு விசிறி ஒன்று குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டுள்ளது. காற்றுத் திசை மாறினால் அது அவ்விசிறியின் பக்கவாட்டில் வீசும், விசிறி சுழலும், பற்சக்கரங்களின் வழியே தொப்பி முழுவதையும் மெல்லத் திருப்பும். இறக்கைகள் மறுபடியும் காற்றுக்கு நேர்முகமானதும் விசிறி தானே நின்றுவிடும். 1745இல் எட்மண்ட் லீ என்பவர் உரிமை பெற்ற இவ்வேற்பாட்டிற்கு முன், ஆலைக்காரன் பகலும் இரவும் காற்றைக் கவனித்து, தொப்பியைத் தானே திருப்ப வேண்டியிருந்தது.

இறக்கைகளின் வரலாற்றில் நெசவுக்கும் இடமுண்டு. 1814இல் இவ்வாலை எழுந்தபோது மரச்சட்டங்களின்மேல் பாய்த்துணியையே விரித்தனர். காற்று மிகுந்தால் துணியைச் சுருட்ட வேண்டும். குறைந்தால் விரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆலையை நிறுத்தி, மழையானாலும் உறைபனியானாலும் வெளியே சென்று, இறக்கையில் ஏறிச் செய்ய வேண்டிய வேலை அது. புயல் திடீரென்று வந்தால் உயிருக்கே ஆபத்து. 1807இல் வில்லியம் கியூபிட் வகுத்த புதிய இறக்கையில், துணிக்குப் பதிலாகச் சன்னற்பலகைபோன்ற மடல்கள் வரிசையாக அமைந்தன. அச்சின் நடுவே செல்லும் ஒரு கம்பியும் எடைக்கற்களும் அவற்றை மூடிவைக்கும். காற்று எல்லை மீறினால் மடல்கள் தாமே திறந்து, காற்றை வழிந்தோட விடும். 1840இல் கிரான்புரூக் ஆலையும் இவ்வகை இறக்கைகளையும், வார்ப்பிரும்பு அச்சையும், விசிறியையும் பெற்றது.

இறக்கைகளின் அச்சு ஒரு பெரிய பற்சக்கரத்தைச் சுற்றும். அது ஆலையின் நடுவே மேலிருந்து கீழாகச் செல்லும் தூணைச் சுற்றும். அத்தூண் அரைகற்களைச் சுற்றும். கற்களின் தளத்திற்கு வந்ததும் எனக்கு யாவும் பழகியவையாகத் தோன்றின. நம் வீட்டுத் திருகையேதான்! அடிக்கல் அசையாது; மேற்கல் சுழலும்; நடுத்துளையில் தானியம் விழும்; ஓரத்தில் மாவு உதிரும். வேறுபாடு அளவில்தான். இத்தகைய மேற்கல் ஏறத்தாழ ஒரு டன் எடையிருக்கும். தேய்ந்த கல்லை நாம் அம்மி கொத்துவதுபோல் உளிகொண்டு கொத்தி, நடுவிலிருந்து ஓரத்திற்குச் செல்லும் வரிப்பள்ளங்களைப் புதுப்பிப்பர். அவ்வேலை வல்லார்க்கே வரும். பள்ளத்தின் சரிவு சிறிது தவறினாலும் மாவு சூடேறிக் கெடும்.

கல்லுக்குமேல் தானியம் நிறைந்த மரத்தொட்டி. அதன் வாயில் உள்ள சரிவுத்தட்டைச் சுழலும் தண்டொன்று ஓயாமல் தட்டித் தட்டித் தானியத்தைச் சிந்தச் செய்யும். ஓயாது சலசலப்பதால் ஆங்கில ஆலைக்காரர் அத்தண்டிற்குக் ‘கன்னி’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். எங்கள் மன்றத்துப் பெண்டிர் இதைக் கேட்டு, அப்பெயரை இட்டவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று கூறிச் சிரித்தனர். தொட்டியில் தானியம் குறைந்தால் மணி ஒன்று அடித்து எச்சரிக்கும் ஏற்பாடும் இத்தகைய ஆலைகளில் உண்டு. தானியமின்றிக் கல்லோடு கல் உரசினால் தீப்பொறி பறக்கும். மரத்தாலான ஆலைக்கு அதைவிடப் பெரிய பகை வேறில்லை.

இன்னொரு நுட்பமும் குறிக்கத்தக்கது. காற்று விரைந்தால் கல் விரையும். விரைந்தால் கற்களின் இடைவெளி மாறும். அதைச் சமன்செய்ய, இரு இரும்புக் குண்டுகள் தொங்கும் சுழற்கருவி ஒன்றை ஆலைகளில் அமைத்தனர். வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி உயரும். அவ்வசைவு நெம்புகோல் வழியே கற்களின் இடைவெளியைத் திருத்தும். காற்றாலைகளில் முதலில் வழங்கிய இந்நுட்பத்தையே ஜேம்ஸ் வாட் 1788இல் தம் நீராவி இயந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார். காற்றாலையிடம் இவ்வாறு கடன் வாங்கிய நீராவியே பின்னர்க் காற்றாலைகளுக்கு எமனாயிற்று.

நாங்கள் சென்ற நாளில் போதிய காற்று இல்லை, இறக்கைகள் அசையவில்லை. சிலருக்கு ஏமாற்றந்தான். தொண்டர் அதற்கு வருந்தவில்லை. காற்றுக்குக் காத்திருக்கத் தெரியாதவன் ஆலைக்காரனாக முடியாது என்றார். மழைக்குக் காத்திருக்கும் நம் மானாவாரி உழவரின் நினைவு எனக்கு வந்தது.

ஓய்ந்ததும் உயிர்பெற்றதும்

காற்று இல்லாத நாளில் உழவன் கொணர்ந்த மூட்டை என் செய்வது? ரஸ்ஸல் குடும்பத்தார் 1863இல் துணைக்கு ஒரு நீராவி இயந்திரம் அமைத்தனர். 1919இல் அதன் இடத்தில் வாயு இயந்திரமும், 1954இல் மின்மோட்டாரும் வந்தன. இதற்கிடையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், எஃகு உருளைகளால் அரைக்கும் பெரிய ஆலைகள் துறைமுகங்களில் எழுந்தன. கப்பலில் வந்த அயல்நாட்டுக் கோதுமையை மலைமலையாக அரைத்து, வெண்மையான மாவை மலிவாக விற்றன. ஆயிரக்கணக்கில் இருந்த காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. பலவற்றின் கற்கள் முற்றத்தில் படிக்கல்லாயின, மரங்கள் விறகாயின. கிரான்புரூக் ஆலை 1950 வரையில் காற்றால் ஓடியது. பின்னர் இறக்கைகள் ஓய்ந்தன.

அதுவும் அழிந்திருக்கும். ஆனால் அதற்குள் பழைய ஆலைகளைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்நாட்டில் வேர்விட்டிருந்தது. பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகம் ஒன்றை 1877இல் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் மாரிஸ். அவரும் ஒரு நெசவாளரே. தாமே தறியில் அமர்ந்து சித்திரத்துணி நெய்யப் பழகியவர். அவுரி முதலிய இயற்கைச் சாயங்களுக்கு மறுவாழ்வு தந்தவர். அக்கழகத்தில் 1931இல் காற்றாலைகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. கிரான்புரூக்கில் கென்ட் மாவட்ட மன்றம் ஆலையைத் தன் பொறுப்பில் ஏற்றது. இத்தொழில் அறிந்த தச்சர்கள் இங்கிலாந்தில் அருகிவிட்டமையால், ஹாலந்து நாட்டு ஆலைத்தச்சர்களை வரவழைத்து, 1958 முதல் 1960 வரை பழுதுபார்த்தனர். 14ஆம் நூற்றாண்டில் நெசவு கற்பிக்க வந்தவர்கள் கடலுக்கு அப்பாலிருந்த அதே தாழ்நிலப் பகுதியினர். 20ஆம் நூற்றாண்டில் ஆலையை மீட்க வந்தவர்களும் அவர்களே!

மீட்டது ஒரு முறை, காப்பது நாள்தோறும். மழையும் வெயிலும் மாறிமாறிப் படும் மரம் உளுத்துக்கொண்டே இருக்கும், வண்ணம் உரியும், மடல்கள் கழன்று விழும். இன்று ஆலை மாவட்ட மன்றத்தின் உடைமை; பார்வையாளர்க்குத் திறந்துவைத்துப் பேணி வருபவர்கள் கிரான்புரூக் காற்றாலைக் கழகத்தைச் சேர்ந்த தொண்டர்கள். அங்கே கிடைத்த மாவு எங்களுள் பலருடைய பைகளில் ஏறியது.

உண்டபின் எழுந்த வாதம்

ஆலையின் நிழலிலேயே கொண்டுசென்ற உணவை உண்டோம். அப்போது மன்றத்தாரிடையே எழுந்த வாதமே இக்கட்டுரைக்கு உயிர்நாடி எனலாம்.

‘கடன்காரர்களின் ஐக்கியம்’ என்பதை நான் வியந்து பேசியதைக் கேட்ட மூதாட்டி ஒருவர், வங்கியில் பல ஆண்டு வேலை பார்த்தவர், மறுத்துரைத்தார். அவர்கள் தம் பணத்தைக் காக்கவே கூடினார்கள். இதில் பாராட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆலை கட்டியவர் கையைவிட்டுப் போயிற்று. கோதுமை கொணர்ந்த உழவனுக்கும், மாவு வாங்கிய ஏழைக்கும், கல் கொத்திய தொழிலாளிக்கும் அந்த ஐக்கியத்தில் இடமிருந்ததா? பணம் மீண்டதும் கலைந்துபோகும் கூட்டத்திற்கும் கூட்டுறவுக்கும் என்ன உறவு? இவ்வாறு அவர் கேட்டார்.

இளைஞரான தறிக்காரர் ஒருவர் மறுமொழி கூறினார். காரணம் எதுவாயினும், கருவியை அவர்கள் சிதைக்கவில்லை. 1819இல் சிதைத்திருந்தால் இன்று நாம் அமர இந்நிழல் இல்லை என்றார்.

இருவர் சொல்லும் மெய்யே. முதலில் மூதாட்டியாரின் கேள்விக்கு அந்நாட்டு வரலாறே விடை தருகிறது. வடக்கே ஹல் என்னும் துறைமுக நகரில், 1795ஆம் ஆண்டு மாவு விலை ஏழைகளால் தாங்கொணாதபடி ஏறியது. அந்நகரத்து ஏழைமக்கள் நகரத் தலைவரிடம் உதவி வேண்டி முறையிட்டு, தாமும் சிறுசிறு தொகை செலுத்தித் தமக்கென ஒரு காற்றாலை கட்டிக்கொண்டனர். ஆலை முதலாளிகளின் விலைக்கு எதிராக எழுந்ததால் ‘எதிர் ஆலை’ என்று அது பெயர் பெற்றது. தனியார் ஆலைக்காரர்கள் அதனைப் பொதுத்தொல்லை எனக் கூறி வழக்கும் தொடுத்தனர்; தீர்ப்பு சங்கத்தின் பக்கமே அமைந்தது. அங்கே உண்பவனே உடைமையாளன்.

1844 டிசம்பர் 21இல் ராச்டேல் நகரில் 28 உறுப்பினர்கள் திறந்த பண்டகசாலையை நம் உறுப்பினர் அனைவரும் அறிவர். அவர்களுள் பலர் நெசவாளர்கள். முதல்நாள் விற்பனைக்கு வைத்த சில பொருள்களுள் மாவும் ஒன்று. கலப்படமற்ற மாவு வேண்டும் என்னும் விருப்பம் அவர்களை அத்தோடு நிற்க விடவில்லை. 1850இல் மாவரைப்பதற்கென்றே தனிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். தொடக்கத்தில் அது நட்டம் கண்டது. மாவின் தரமும் குறையுடையதாக இருந்தது. சிலர் விலகிவிடலாம் என்றனர். மற்றவர் கைவிடாது அதன் மாவையே வாங்கி, மேற்பார்வையைத் திருத்தி, நட்டத்தை ஈடுசெய்து ஆலையை நிலைநிறுத்தினர். அந்த ராச்டேல் நெறியைப் பின்பற்றியே 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது.

நாம் கொள்ளத்தக்கது

தறிக்கார இளைஞரின் சொல்லுக்கு நம் நாட்டுச் சட்டமே சான்று. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கடனுக்காகக் கைவினைஞரின் கருவிகளைச் சப்தி செய்யலாகாது என்கிறது. உழவராயின், அவருடைய உழவுக் கருவிகளுக்கும், பிழைப்புக்குத் தேவை என நீதிமன்றம் கருதும் மாட்டுக்கும் விதைநெல்லுக்கும் அதே காப்பு உண்டு. கருவி போனால் உழைப்பு போகும். உழைப்பு போனபின் கடன் எதிலிருந்து தீரும்? சட்டம் தனியொருவரின் தறியைக் காக்கிறது. ஆனால் சங்கமாக நாம் வைத்திருக்கும் பொதுக்கருவிகளை, அதாவது பாவு ஓட்டும் கூடத்தையும், சாயச்சாலையையும், விளைபொருள் கிடங்கையும், களத்துமேட்டையும் காக்க வேண்டியவர்கள் நாமேயல்லவா?

சங்கத்தில் ஓராண்டு நட்டம் வந்தால் முதலில் எழும் குரல் எது? “உள்ளதை விற்றுப் பங்கைத் திருப்பிக்கொடு” என்பதே. அக்குரலில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. குடும்பத்தில் அரிசி இல்லாதவனுக்குப் பங்குத்தொகை பெரிது. ஆயினும் அக்குரலுக்கு இணங்குமுன் பொதுக்குழுவில் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். இக்கருவி இன்னும் உழைக்கக் கூடியதா? உழைக்கக் கூடியதாயின், நட்டம் கருவியால் வந்ததா, நிருவாகத்தால் வந்ததா? நிருவாகத்தால் வந்ததாயின், அதைத் திருத்த நாம் என்ன செய்தோம்? கிரான்புரூக்கில் கடன் கொடுத்தவர்கள் 13 ஆண்டு ஆலையை ஓட்டினர். ராச்டேலில் குறையுடைய மாவையும் வாங்கி, மேற்பார்வையைச் சீர்செய்தனர். கருவி உழைக்காது என்று ஆய்ந்து தெரிந்தபின் விற்பது வேறு. ஆய்வின்றி அச்சத்தால் விற்பது வேறு.

மூதாட்டியார் கேட்டதையும் நாம் மறத்தலாகாது. கடன் கொடுத்தவர்களின் ஐக்கியம் 1832இல் ஆலை கைமாறியதோடு முடிந்தது. பெயர் மட்டும் எஞ்சியது. பங்குத்தொகைக்காக மட்டும் கூடும் சங்கமும் அவ்வாறே முடியும். நூல் வாங்கும் நாளிலும், தள்ளுபடி கிடைக்கும் நாளிலும், கடன் வழங்கும் நாளிலும் மட்டும் சங்கத்தை நினைக்கும் உறுப்பினர் அக்கடன்காரர்களை ஒத்தவரே. பொதுக்குழுவிற்கு வருபவரும், கணக்கைக் கேட்டுப் படிப்பவரும், தம் விளைபொருளையும் துணியையும் வெளியாருக்கு மறைவாக விற்காமல் சங்கத்தின் வழியே விற்பவருமே ஹல் நகரத்து ஏழைகளின் வழிவந்தவர்.

ஊதியம் இன்றி அந்த ஆலையில் படியேறி இறங்கும் தொண்டர்க்கு அதில் பங்கும் இல்லை, ஆதாயமும் இல்லை. இந்த இறக்கையின் மரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அவரைக் கேட்டோம். கவனித்தால் பல ஆண்டு, கவனியாவிட்டால் சில மழைக்காலம் என்றார். நம் சங்கங்களின் ஆயுளைக் கேட்பவர்க்கும் இதனினும் தெளிவான விடை சொல்ல இயலாது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் அறிவிப்பு வரும்போது, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு நாள் தறியையும் ஏரையும் நிறுத்திவிட்டு, தவறாது வந்து அமர வேண்டுமென வேண்டிக்கொள்கிறேன்.